எந்தக் காலத்துக் கூடைப்பந்து கடினமானது?

1984 ஜூன் 6. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் ஃபோரம் அரங்கம். என்பிஏ இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். லேக்கர்ஸ் அணியின் கர்ட் ராம்பிஸ் ஓட்டத்திலேயே பந்தை வாங்கிக் கூடையை நோக்கி எழும்புகிறார். பாஸ்டன் செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் குறுக்கே வருகிறார். பந்தைத் தட்ட அவர் முயலவே இல்லை. நீட்டிய கை ராம்பிஸின் கழுத்தில் மாட்டுகிறது. அடுத்த நொடி ராம்பிஸ் மல்லாந்து தரையில் கிடக்கிறார். இரு அணியினரும் ஓடிவந்து ஒருவரையொருவர் தள்ளிக்கொள்கிறார்கள். நடுவர்கள் கொடுத்தது ஒரு ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. மெக்ஹேல் வெளியேற்றப்படவில்லை. கூடுதல் நேரத்துக்குப் போன அந்த ஆட்டத்தை செல்டிக்ஸ் வென்றது. பிறகு தொடரையும் 4-3 என்று கைப்பற்றியது.

கூடைப்பந்து ரசிகர்கள் ஆயிரம் முறை பார்த்துவிட்ட காட்சி இது. "அந்தக் காலத்து ஆட்டமே வேறு, இன்றைக்கு ஆடுகிறவர்கள் அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டார்கள்" என்று வாதிடுவோர் முதலில் எடுத்துவைப்பதும் இதைத்தான். எதிர்த்தரப்பினர் 1960களின் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைக் காட்டி, "இவர்களை இன்று எந்த அணி சேர்த்துக்கொள்ளும்?" என்று கேட்கிறார்கள். இரு தரப்புமே உடல் வலிமை என்பதைக் காலம் மாறினாலும் மாறாத ஒரே பொருளாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. ஒவ்வொரு காலத்திலும் விதிப்புத்தகம் ஆட்டக்காரரின் உடலிடம் வேறு வேறு வேலையைக் கேட்டது. எந்த வேலையைக் கேட்டது, மிகச் சிறந்தவர்கள் அதற்கு எப்படி ஈடுகொடுத்தார்கள் என்று பார்த்த பிறகுதான் யார் பெரியவர் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

தொடக்க காலத்தில் கேட்கப்பட்ட வேலை, அடிபட்டுக்கொண்டே நிற்பது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, அப்போது மினியாபொலிஸில் இருந்த லேக்கர்ஸை 19-18 என்று தோற்கடித்தது. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து போட்ட கூடைகள் எட்டே எட்டு. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 ஜார்ஜ் மைக்கன் எடுத்தவை. 6 அடி 10 அங்குல உயரமான அவரிடம் பந்து போகாமல் இருக்க ஒரே வழி, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. அதைத் தடுக்க எதிரணிக்கு இருந்த ஒரே வழியும் ஃபவுல் செய்வதுதான். 1953 மார்ச்சில் பாஸ்டனும் சிரக்யூஸும் மோதிய பிளேஆஃப் ஆட்டம் நான்கு கூடுதல் நேரங்களுக்கு நீண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஃபவுல்கள் ஊதப்பட்டன. பாப் கூசி எடுத்த 50 புள்ளிகளில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை.

இதைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் வராது என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன். அவர் போட்ட கணக்கு மிக எளிமையானது. ரசித்துப் பார்க்கும்படியான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 ஷாட் எடுக்கின்றன. 48 நிமிடம் என்றால் 2,880 நொடி. வகுத்தால் ஒரு ஷாட்டுக்கு 24 நொடி. 1954-55 பருவத்தில் 24 நொடிக் கடிகாரம் வந்தது. ஒரு அணியின் சராசரி ஒரே ஆண்டில் 79.5 புள்ளியிலிருந்து 93.1க்கு ஏறியது. அதே ஆட்டக்காரர்கள், அதே உடல்கள். ஒரு கடிகாரம் அவர்கள் செய்ய வேண்டிய வேலையை மாற்றிவிட்டது. பிடித்து நிறுத்துவதற்குப் பதில் ஓட வேண்டியதாயிற்று. காலங்களை ஒப்பிடப் புகுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய எண்கள் இவை.

பழைய காலத்தின் மனஉறுதியைப் பேசும்போது மாரிஸ் ஸ்டோக்ஸைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. சின்சினாட்டி ராயல்ஸ் அணியில் ஆடியவர். 1957-58இல் ஆட்டத்துக்கு 18 ரீபவுண்ட் எடுத்தவர், 24 வயது. பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், 1958 மார்ச் 12 அன்று, கூடையை நோக்கி எழும்பியவர் கீழே விழுந்து தலை தரையில் மோதியது. நினைவு தப்பியது. முகர்வு உப்பைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தவர் மீண்டும் களத்துக்குப் போய் ஆடினார். மூன்று நாள் கழித்து டெட்ராய்டில் பிளேஆஃப் ஆட்டமும் ஆடினார். அன்றிரவு ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது. பிறகு அவர் உடல் முடங்கிப்போனது. சக ஆட்டக்காரர் ஜாக் ட்வைமன் சட்டப்படி அவருக்குக் காப்பாளராகி, சிகிச்சைச் செலவுக்குப் பணம் திரட்டி, 1970இல் ஸ்டோக்ஸ் இறக்கும்வரை உடனிருந்தார்.

அக்காலத்தில் வீரம் என்று கொண்டாடப்பட்டதில் ஒரு பகுதி வெறும் மருத்துவ அலட்சியம். தலையில் அடிபட்டவரைச் சோதித்துத் தேறிய பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற முறையான நெறியை என்பிஏ 2011இல்தான் வகுத்தது. ஸ்டோக்ஸ் மீண்டும் களமிறங்கியது அவருடைய துணிச்சல். இறங்க விட்டது அந்தக் காலத்தின் குற்றம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "கல் போன்ற மனிதர்கள்" என்று புகழும்போது, அந்த மனிதர்களுக்கு இழைக்கப்பட்டது மறைந்துபோகிறது. பயண வசதிகளும் அப்படித்தான் இருந்தன. 1960 ஜனவரியில் செயின்ட் லூயிஸிலிருந்து திரும்பிய லேக்கர்ஸ் அணியின் விமானம் மின்சாரம் போய், பனிப்புயலில் திசை தெரியாமல் அயோவா மாநிலத்தின் ஒரு சோளக்காட்டில் இறங்கியது. அணியின் நட்சத்திரமான எல்கின் பெய்லரும் அந்த விமானத்தில் இருந்தார். துணிக் காலணியும், அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டமும், கோடையில் வேறு வேலையும் என்று வாழ்ந்தவர்களின் உடலை இன்றைய உடலோடு நேருக்கு நேர் நிறுத்தி எடைபோடுவது எப்படி?

வில்ட் சேம்பர்லினின் எண்களுக்கு வருவோம். 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த எண்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர முடியாது என்பது உண்மை. அந்தப் பருவத்தில் ஒரு அணி ஆட்டத்துக்கு 108 ஷாட் அளவில் எடுத்தது. இன்று 89 அளவில்தான். குறி தவறிய பந்துகள் அதிகம் என்பதால் ரீபவுண்டும் அதிகம். லீக்கில் இருந்தவை ஒன்பது அணிகள். கறுப்பின ஆட்டக்காரர்களை ஓர் அளவுக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத வழக்கம் அப்போது முழுதாக மறைந்திருக்கவில்லை.

அப்படியானால் திருத்திக் கணக்கிடலாம். வில்ட் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். கூடுதல் நேரங்களும் சேர்ந்ததால் அது 48ஐத் தாண்டியது. இன்றைய முன்னணி ஆட்டக்காரர் ஏறத்தாழ 36 நிமிடம் ஆடுகிறார். நிமிட விகிதத்தால் பெருக்கினால் 50.4 என்பது 37 ஆகிறது. ஷாட்களின் விகிதத்தாலும் பெருக்கினால் 31க்கு அருகே வந்து நிற்கும். 2024-25இல் ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர் எடுத்த 32.7க்குச் சற்றுக் கீழே. ஆக, கடவுள் மனிதராகிவிட்டார் என்று சிலர் திருப்தியடைகிறார்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. 48.5 நிமிடத்தை 36ஆகச் சுருக்கும்போது கழித்துத் தள்ளப்படுவது அவருடைய சாதனையின் சாரம். ஓய்வே எடுக்காமல், பருவம் முழுக்க, தன்மீது சாய்ந்து தள்ளும் இரண்டு மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஆடியதுதான் வில்ட் செய்தது. முதல் பருவம் முடிந்ததுமே, தன்னை இப்படி அடித்து ஆடுவது தொடர்ந்தால் லீக்கை விட்டுப் போகிறேன் என்று அவர் அறிவித்ததுண்டு. அடி வாங்கினாரே தவிரத் திருப்பி அடித்தவர் இல்லை. லீக் பருவங்களில் 1,045 ஆட்டம் ஆடிய அவர், ஒருமுறைகூட ஆறு ஃபவுல் முடிந்து வெளியேறியதில்லை. கூடைக்குக் கீழே உள்ள பகுதியை 12 அடியிலிருந்து 16 அடியாக 1964இல் அகலப்படுத்தியது பெரிதும் அவரைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்தத்தான். அதற்கு முன் 6 அடியை 12 ஆக்கியது மைக்கனுக்காக. ஒரு ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்த மைதானத்தின் கோட்டையே அழித்துப் போட வேண்டியிருந்தது என்பதை எந்தச் சராசரியும் காட்டாது.

எண்களே இல்லாமல் போனவர் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல். 13 பருவங்களில் 11 பட்டங்கள். அவருடைய ஆயுதம் எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது. தட்டிய பந்தை அரங்குக்கு வெளியே அனுப்பாமல் தன் அணியினர் கையில் விழவைப்பது. தடுத்த ஷாட்களை என்பிஏ எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரஸ்ஸல் ஓய்வுபெற்றது 1969இல். புள்ளிவிவர அட்டவணையை மட்டும் வைத்து வரலாற்றின் பத்துப் பேரைப் பட்டியலிடுகிறவர்கள், ரஸ்ஸலின் தொழிலையே எண்ணாமல் அவரை மதிப்பிடுகிறார்கள்.

1970களின் இறுதியில் வன்முறை அதன் எல்லையைத் தொட்டது. 1977 டிசம்பர் 9 அன்று லேக்கர்ஸ், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஆட்டத்தில் ஒரு கைகலப்பு. அதை விலக்க ஓடிவந்த ராக்கெட்ஸின் ரூடி டொம்யானோவிச்சின் முகத்தில், யாரோ பின்னாலிருந்து வருவதை உணர்ந்து திரும்பிய லேக்கர்ஸின் கெர்மிட் வாஷிங்டனின் குத்து விழுந்தது. ஓடிவந்த வேகமும் குத்தின் வேகமும் சேர்ந்து முக எலும்புகளும் மண்டையோடும் உடைந்தன. மூளையைச் சூழ்ந்த திரவம் கசிந்தது. வாஷிங்டனுக்கு 60 நாள் தடை, 10,000 டாலர் அபராதம். அடுத்த பருவத்தில் மூன்றாவது நடுவரைச் சோதனையாகச் சேர்த்தார்கள். ஓராண்டில் கைவிட்டு, 1988-89இல் நிரந்தரமாக்கினார்கள்.

இனி சிகாகோ புல்ஸின் மைக்கேல் ஜோர்டன் காலம். அந்தக் காலத்தின் கடினத்தைச் சொல்ல எல்லோரும் பெரிய விழுகைகளைக் காட்டுவார்கள். உண்மையில் ஆட்டத்தை நடத்தியது ஹேண்ட் செக்கிங் என்ற சின்ன விஷயம். பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவரின் இடுப்பில் தடுப்பவர் உள்ளங்கையையோ முன்கையையோ வைத்துக்கொள்வார். பார்வைக்கு அது அடியே இல்லை. ஆனால் அந்தக் கைக்கு இரண்டு வேலை. வருகிறவரின் வேகத்தை ஒரு துளி குறைக்கும். அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பதைக் கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும். வலப்பக்கம் வெட்டப் போகிறவரின் இடுப்பு முதலில் இறுகும். அந்த இறுக்கம் உள்ளங்கைக்குத் தெரியும். அரை அடி முந்துவதற்குள் தடுப்பவரின் கால் அங்கே போய்விடும். ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் இப்படி ஒரு கையைச் சுமந்துகொண்டே திரும்புவது எவ்வளவு தசையைத் தின்னும் என்பது தொலைக்காட்சியில் தெரியாது.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இதன் மேல் ஒரு முறையையே கட்டியது. 1988 ஏப்ரலில் ஜோர்டன் அவர்களுக்கு எதிராக 59 புள்ளி எடுத்தார். அதன் பிறகு பயிற்சியாளர் சக் டேலி வகுத்த திட்டம் 'ஜோர்டன் விதிகள்' என்று பெயர் பெற்றது. பந்து அவரிடம் வந்ததும் இரண்டாவது ஆள் போக வேண்டும். அவர் விரும்பும் திசையில் விடக்கூடாது. தப்பிக் கூடைக்கு வந்தால் பில் லேம்பியரோ ரிக் மஹோர்னோ தரையில் இறக்க வேண்டும். 1988, 1989, 1990 என மூன்று ஆண்டும் பிளேஆஃபில் சிகாகோ புல்ஸ் பிஸ்டன்ஸிடம் தோற்றது. ஜோர்டன் 1989இல் டிம் க்ரோவர் என்ற பயிற்சியாளரை அமர்த்தி எடை தூக்கத் தொடங்கினார். தோளும் மார்பும் திரண்டன. புல்ஸின் தலைமைப் பயிற்சியாளர் பில் ஜாக்சனின் முறையில் சக ஆட்டக்காரர்களை நம்பிப் பந்தைக் கொடுக்கவும் கற்றார். 1991இல் புல்ஸ் பிஸ்டன்ஸை 4-0 என்று வென்றது. கடைசி ஆட்டம் முடிய இன்னும் சில நொடி இருக்கும்போதே, கை குலுக்காமல் பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்களில் பலர் களத்தை விட்டு நடந்தார்கள். வேண்டுமென்றே செய்யும் அபாயகரமான ஃபவுலுக்கு ஃப்ளேக்ரண்ட் என்று தனிப் பெயரும் தனித் தண்டனையும் வந்தது அந்த 1990-91 பருவத்தில்தான்.

ஆனால் அதே விதிப்புத்தகம் ஜோர்டனுக்கு ஒரு சலுகையும் தந்தது. அதை அவருடைய ரசிகர்கள் சொல்வதில்லை. 2001வரை பகுதி காக்கும் தடுப்பாட்டத்துக்கு என்பிஏவில் அனுமதி இல்லை. ஒவ்வொருவரும் தன் ஆளோடு நிற்க வேண்டும், அல்லது முழுதாகப் போய் இரட்டைத் தடுப்புப் போட வேண்டும். பாதி வழியில் நின்று பாதையை அடைக்கக் கூடாது. ஆகவே ஜோர்டன் ஒருவரைத் தாண்டிவிட்டால் அடுத்த தடை வர நேரமாகும். இன்று அந்தத் தடை முன்பே அங்கே நிற்கும். இடுப்பில் கை இருக்காது. கண்ணுக்கு எதிரே ஆள் இருப்பார். இரண்டில் எது கடினம் என்று ஒரே சொல்லில் சொல்ல எவராலும் முடியாது.

பொது நம்பிக்கையை நேராக மறுக்கும் ஒரு கணக்கும் உண்டு. 1980களில் நடுவர்கள் விசிலே ஊதமாட்டார்கள், இன்று தொட்டாலே ஊதுகிறார்கள் என்பது பரவலான பேச்சு. 1980களின் நடுவில் ஒரு அணிமீது ஆட்டத்துக்கு 25 ஃபவுல் அளவில் ஊதப்பட்டது. 2023-24இல் 19 அளவில். ஃப்ரீ த்ரோ அன்று 29, 30 என்ற அளவு, இன்று 22. ஆட்ட வேகம் இரு காலத்திலும் ஏறத்தாழ ஒன்றே. அதாவது அன்று நடுவர்கள் இன்றைவிட அதிகமாக ஊதினார்கள்.

இதனால் இன்றைய ஆட்டம்தான் முரட்டுத்தனமானது என்று ஆகிவிடாது. ஃபவுல் குறைந்ததற்குக் காரணம் ஆட்டம் இடம் மாறியது. 1979-80இல் மூன்று புள்ளிக் கோடு வந்தபோது ஒரு அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2023-24இல் 35 முறை எறிந்தது. கூடைக்குக் கீழே பத்துப் பேர் நெரிந்த இடத்தில் முட்டலும் மோதலும் தவிர்க்க முடியாதவை. 23 அடி 9 அங்குலத் தொலைவில் நிற்பவர்மீது மோத வாய்ப்பே குறைவு. 2004-05இல் ஹேண்ட் செக்கிங்கைக் கண்டிப்பாகத் தடுக்கத் தொடங்கியதும் லீக்கின் சராசரி 93.4இலிருந்து 97.2க்கு ஏறியது. முந்தைய பருவத்தில் 29 வெற்றி பெற்றிருந்த ஃபீனிக்ஸ் சன்ஸ் இந்தப் பருவத்தில் 62 வெற்றி பெற்றது. அந்த அணிக்கு அப்போதுதான் வந்திருந்த ஸ்டீவ் நாஷ் என்ற 6 அடி 3 அங்குல கார்டு, அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். அவர் திறமைக்கு விதி கதவு திறந்தது.

அப்படியானால் இன்றைய உடல் சுகமாக இருக்கிறதா? இல்லை. மோதல் குறைந்த இடத்தில் ஓட்டமும் வெட்டும் சடுதியில் நிற்பதும் வந்து உட்கார்ந்தன. மைதானம் முழுக்க ஆட்டக்காரர்கள் பரவி நிற்பதால் தடுப்பவர் கூடையடியிலிருந்து மூலைக்கும் மூலையிலிருந்து கூடையடிக்கும் ஒரே தாக்குதலில் இரண்டு மூன்று முறை பாய வேண்டும். முழு வேகத்தில் வந்து ஓரடியில் நின்று பின்வாங்கி எறியும் ஷாட், குதிகால் தசைநாணின்மீதும் முழங்கால்மீதும் போடும் சுமை, இடுப்பில் பட்ட கையைவிடக் குறைந்ததல்ல. 2025 பிளேஆஃபில் மட்டும் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், டைரீஸ் ஹாலிபர்டன் மூவருக்கும் அக்கிலிஸ் எனப்படும் குதிகால் தசைநாண் அறுந்தது. யாரும் அடித்ததால் அல்ல. ஹாலிபர்டன் கெண்டைக்கால் தசை ஏற்கெனவே காயப்பட்டிருக்க, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார். முதல் கால்பகுதியிலேயே வீழ்ந்து தரையைக் கையால் அறைந்தார். இவர்களையா மென்மையானவர்கள் என்பது? ஸ்டோக்ஸை எழுப்பிக் களத்துக்கு அனுப்பிய அதே எதிர்பார்ப்பு, நவீன மருத்துவ அறைகளைக் கடந்து இன்னும் உயிரோடிருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டக்காரர்கள் வரும் ஊற்றும் விரிந்துவிட்டது. 2023-24 பருவத் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த 125 பேர் அணிகளில் இருந்தார்கள், 40 நாடுகள். 2019இலிருந்து 2025வரை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற எவரும் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை: கிரீஸின் யானிஸ், செர்பியாவின் யோகிச், கேமரூனில் பிறந்த எம்பீட், கனடாவின் கில்ஜஸ்-அலெக்சாண்டர். போட்டி ஆழமாகும்போது உச்சியில் இருப்பவருக்கும் சராசரிக்கும் இடையிலான தொலைவு சுருங்கும். பேஸ்பாலில் 0.400 சராசரி மறைந்தது ஏன் என்று ஆராய்ந்த உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதைத்தான் விளக்கினார்: மேதைகள் குறையவில்லை, மற்றவர்கள் உயர்ந்தார்கள். ஆகவே தன் காலத்தவரைவிட எவ்வளவு மேலே நின்றார் என்ற அளவுகோலும் பழையவர்களுக்குச் சற்றுச் சாதகமானதே.

பின் எதை வைத்து ஒப்பிடுவது? எனக்கு நம்பிக்கை தருவது ஒரே வழி: இரண்டு காலத்தையும் தம் உடலால் கடந்தவர்கள். கற்பனையில் ஒருவரைக் கால இயந்திரத்தில் ஏற்றி அனுப்ப வேண்டாம். உண்மையிலேயே எதிரெதிரே நின்றவர்களின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகலாம். கூடையடியில் ஆடும் சென்டர்களில் அந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. வில்ட் 1959இல் வந்தார். கரீம் அப்துல்-ஜப்பார் 1969இல் வந்து வில்ட்டோடு மோதினார். ஹகீம் ஒலாஜுவான் 1984இல் வந்து கரீமோடு மோதினார். ஷகில் ஓ'நீல் 1992இல் வந்து ஹகீமோடு மோதி, 2011வரை ஆடினார். நான்கு பேரில் அரை நூற்றாண்டு.

இந்தச் சங்கிலியைப் படிக்கும்போது வயதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் மூத்தவர் உச்சத்தைத் தாண்டியவர். 1971-72இல் கரீமுக்கு 24, வில்ட்டுக்கு 35. கரீம் மலைபோல் புள்ளி குவித்தார். ஆனால் மேற்கு இறுதித் தொடரை வில்ட்டின் லேக்கர்ஸ் 4-2 என்று வென்றது, வில்ட் அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் எடுத்தவர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. 35 வயதில் அன்றைய இளம் மேதைக்கு ஈடுகொடுத்தவரை "பலவீனமான காலத்தின் அரசன்" என்று ஒதுக்க இடமில்லை. 1985-86இல் கரீம் 38 வயதில் ஹூஸ்டனுக்கு எதிராக, ஹகீம் எதிரே நிற்க, ஒரே ஆட்டத்தில் 46 புள்ளி எடுத்தார். அந்தப் பிளேஆஃபில் இளைஞர்களான ராக்கெட்ஸ் 4-1 என்று பழிதீர்த்தது. 1995 இறுதித் தொடரில் 32 வயது ஹகீம் சராசரி 32.8 புள்ளியும் 23 வயது ஷகில் 28 புள்ளியும் எடுத்தார்கள், ஹூஸ்டன் 4-0. எந்தக் கண்ணியிலும் புதியவர் பழையவரைக் களத்திலிருந்து துடைத்துவிடவில்லை. ஷகில் இன்றும் ஆடக்கூடியவர் என்று ஒப்புக்கொள்பவர், ஹகீமையும் கரீமையும் வில்ட்டையும் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

லெப்ரான் ஜேம்ஸும் இப்படி ஒரு சாட்சி. ஹேண்ட் செக்கிங் இறுக்கப்படுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில் வந்தவர். 2004-05 முதல் 2023-24 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து 25 புள்ளிக்கு மேல் சராசரி. கூடையடி ஆட்டத்திலிருந்து மூன்று புள்ளி ஆட்டத்துக்கு லீக் நகர்ந்தபோது தானும் நகர்ந்தார். உச்சத்தின் உயரத்தை மட்டும் கேட்டால் 1991க்கும் 1993க்கும் இடைப்பட்ட ஜோர்டனுக்கு மேலே எவரையும் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் கேள்வி காலம் கடந்து நிற்பதைப் பற்றியது என்றால் என் தீர்ப்பு கரீமுக்கு.

அவர் கல்லூரியில் ஆடியபோது பந்தைக் கூடையில் அறையும் டங்க்கையே 1967இல் கல்லூரிக் கூடைப்பந்தில் தடை செய்தார்கள். அவர் ஸ்கை ஹூக்கைத் தீட்டிக்கொண்டார்: உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடத்தோளால் எதிராளியை ஒரு கை தூரத்தில் நிறுத்தி, வலக்கையை முழுதாக நீட்டி உச்சியிலிருந்து விடும் எறி. தள்ளுவதால் கெடாத ஷாட் அது. தள்ளுபவருக்கும் பந்துக்கும் இடையே அவருடைய உடலே நிற்கும். விரல்கள் கண்ணில் பட்டுக் கருவிழி காயப்பட்ட பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடினார். இரண்டு நடுவர் காலம், மூன்று நடுவர் காலம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு முந்தைய காலம், பிந்தைய காலம், வில்ட், ஹகீம், செல்டிக்ஸின் லாரி பேர்ட், பிஸ்டன்ஸ் எல்லாம் அந்த ஒரு ஷாட்டுக்கு எதிரே வந்து போயின. 1984இல் அவர் கைக்கு வந்த அதிகப் புள்ளிகளுக்கான சாதனை 2023 பிப்ரவரியில் லெப்ரான் முறியடிக்கும்வரை நின்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மில்வாக்கிக்காக 1971இலும் லாஸ் ஏஞ்சலஸுக்காக 1985இலும் பெற்றார். இடையே 14 ஆண்டுகள். அவ்வளவு இடைவெளியில் அந்த விருதை இரண்டாம் முறை வாங்கியவர் வேறு எவரும் இல்லை.